உடுமலைச் சாக்கில் ஒளித்த காசுகள்

மனிதருக்கு நூறு வயது ஆனால் பேரன் பேத்திகள் சுற்றி நின்று மாலை போடுவார்கள். காசுக்கு நூறு வயது ஆனால் போலீஸ் வரும். தொண்ணூறுகளில் கோயமுத்தூரில் பழைய காசு சேர்த்துக்கொண்டிருந்த எங்களுக்குச் சட்டம் புரிந்த லட்சணம் இவ்வளவுதான். ஒன்றுமே தெரியாதவர்கள் நிம்மதியாக இருந்தார்கள். முழுசாகத் தெரிந்தவர்களும் நிம்மதியாகத்தான் இருந்திருப்பார்கள். எனக்குப் பாதி தெரியும். அந்தப் பாதிதான் என் தலையில் கல்லைப் போட்டது.

அப்போது நான் கணபதியில் ஒரு சின்னப் பவுண்டரியில் கோர் போடும் வேலை பார்த்தேன். பம்புக்குள் தண்டு சுழல்வதற்குப் போடுகிற கன்மெட்டல் வளையம், புஷ் என்பார்கள், அதைத்தான் அங்கே வார்ப்பார்கள். புஷ்ஷுக்கு நடுவில் ஓட்டை வேண்டுமல்லவா, அந்த ஓட்டையின் வடிவத்தில் மணலைப் பிசைந்து, அச்சில் அடைத்து, சுட்டு எடுத்துத் தருவதற்குப் பெயர் கோர். நாங்கள் மூன்று பெண்கள் அந்த வேலையில் இருந்தோம். என் அம்மா கடைசி வரை அடுத்தவர் பருத்திக்காட்டில் களை எடுத்தவர். நான் பத்தாவது படித்துவிட்டுப் பவுண்டரிக்கு வந்தேன். எங்கள் குடும்பத்தில் காடு தவிர வேறு இடத்தில் கூலி வாங்கிய முதல் ஆள் நான். அதில் எனக்குக் கொஞ்சம் திமிரும் உண்டு.

உருக்குவதற்கு வாங்கும் பழைய உலோகம் சாக்குச் சாக்காக வந்து சுவரோரம் வரிசையாக நிற்கும். உடைந்த குழாய், நசுங்கிய சொம்பு, நாக்கு போன மணி, இதற்கு நடுவே செம்புக் காசுகளும் கிடக்கும். எல்லாம் கலந்து மூசையில், அதாவது உலைக்குள் வைக்கும் குடுவையில், போய்ச் சேரும். ஒருநாள் மதியச் சோறு தின்றுவிட்டு ஒரு சாக்கின் மேல் சாய்ந்திருந்தேன். முதுகில் ஏதோ குத்தியது. எடுத்துப் பார்த்தால் ராணி தலை போட்ட காலணா. பின்பக்கம் 1887 என்று இருந்தது. எனக்கு என்ன ஆனது என்று இன்றைக்கும் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. இன்னும் ஒரு மணி நேரத்தில் இந்தக் கிழவி உருகிவிடுவாளே என்று கையை இறுக மூடிக்கொண்டேன், அவ்வளவுதான்.

முதலாளியிடம் போனேன். தெலுங்கு பேசும் குடும்பம். அப்பா காலத்தில் விவசாயம், இவர் காலத்தில் பவுண்டரி. கோபமே வராத மனிதர். ஆனால் பயம் உடனே வந்துவிடும்.

“இத நான் எடுத்துக்கட்டுங்களா?”

“எடுத்துக்க கண்ணு. ஆனா எடைக்கு எடை பித்தளை கொண்டாந்து போட்டுரு. சாக்கு எடை எனக்குக் கொறையக் கூடாது.”

அன்றிலிருந்து அதுதான் எங்கள் இருவருக்கும் நடுவில் வழக்கம். நான் சாக்கில் ஒரு காசைக் கண்டெடுத்தால், பழைய போல்ட்டோ குழாய்த் துண்டோ கொண்டுபோய்த் தராசில் வைத்துச் சரிசெய்துவிட்டுக் காசை எடுத்துக்கொள்வேன். தெருவில் நடக்கும்போதுகூட என் கண் சாக்கடையோரம் பித்தளை தேடும். மதுக்கரையில் சிமெண்டு மூட்டை ஏற்றும் வேலை பார்த்த என் வீட்டுக்காரர், தலைமுடி வெள்ளையாக இரண்டு பஸ் மாறி வீடு வந்து சேர்ந்ததும், முதலில் அடுப்படியை எட்டிப் பார்ப்பார்.

“கொழாய் இருக்குதா? இல்ல, அதையும் கழட்டிக் கொண்டுபோயிட்டியா புள்ள? குளிக்கோணும்.”

கேலிதான். தடுத்ததில்லை.

எட்டு வருஷம் இப்படிச் சேர்த்தேன். பிஸ்கட் டின் ஒன்று நிறைந்தது. ஒவ்வொரு காசையும் நோட்டுக் காகிதத்தில் மடித்து, மேலே வருஷம் எழுதி வைத்திருந்தேன். ராணி தலைக் காலணாவில் வருஷத்துக்கு ஒன்று என்று வரிசை பிடித்தேன். அதில் சில வருஷங்கள் விட்டுப்போயிருந்தன. அந்த ஓட்டைகளை நினைத்தால் எனக்குத் தூக்கம் வராது.

என்னிடம் இருந்ததிலேயே பெரியது அளவில் மிகச் சின்னது. உடுமலைப்பேட்டையிலிருந்து வரும் சாக்குகளில் எப்போதும் காசு அதிகம் இருக்கும். நான் சேர்க்கத் தொடங்கிய முதல் வருஷமே அப்படி ஒரு சாக்கில், தேங்காய் நார் ஒட்டிய குப்பைக்கு நடுவில், சுண்டுவிரல் நகத்தளவு ஒரு செம்புத் துண்டு கிடந்தது. களிம்பேறிப் பச்சையாக இருந்தது. சாய்த்துப் பிடித்தால் ஒரு பக்கம் யானை தெரியும். மறுபக்கம் வில் மாதிரி ஏதோ ஒன்று. முதலாளியிடம் காட்டியபோது சிரித்தார். “இதுக்கு ஒரு ஸ்குரூ போடு, போதும்” என்றார். ஸ்டவ்வில் இருந்த ஒரு திருகாணியைக் கழற்றிப் போட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் டவுன்ஹால் பக்கம் ஒருவர் நடைபாதையில் துணி விரித்துப் பழைய காசு விற்பார். காசுக்காரர் என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம். அவரைச் சுற்றிப் பத்துப் பதினைந்து பேர் கூடுவார்கள். பேங்க்கில் வேலை பார்ப்பவர், காலேஜில் பாடம் எடுப்பவர், கடைக்காரர் எல்லோரும் இருப்பார்கள். பெண் நான் ஒருத்திதான். முதல் வாரம் போய் ஓரமாக நின்றேன். யானைக் காசைக் கையில் வாங்கிய காசுக்காரர் அதை வெயிலில் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார். பிறகு எழுந்து நின்று அதைத் திருப்பிக் கொடுத்தார்.

“இது ராசாக்கமாரு காலத்துதுங்க அம்மணி. ஆயிரம் வருசத்துக்கும் மேல இருக்குமுங்க. யாரு கேட்டாலும் குடுத்துப்போடாதீங்க. தேய்ச்சும் போடாதீங்க.”

அதற்குப் பிறகு நான் போனால் “வாங்க அம்மணி” என்று தன் முக்காலியைத் தள்ளிவைப்பார். யாராவது ஒரு காசைக் கொண்டுவந்து நீட்டினால், “அம்மணிகிட்டக் காட்டுங்க, அவிங்க கைக்குத் தெரியும்” என்பார். உண்மையில் தெரியும். உலோகத்தோடு புரள்கிறவள் நான். போலி வார்ப்பு என்றால் விரலால் தடவியே சொல்லிவிடுவேன். காலேஜ்காரரும் பேங்க்காரரும் என் வாயைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். வாரம் ஆறு நாள் மணல் பிசைகிறவளுக்கு ஏழாவது நாள் அப்படி ஒரு முக்காலி. அந்த முக்காலிக்காகத்தான் நான் உயிரோடு இருந்தேன் என்று சொன்னால் மிகையாகத் தெரியும். எனக்கு அப்படித் தெரியவில்லை.

சட்டத்தைச் சொன்னவரும் அவர்தான். நூறு வருஷம் நிறைந்த காசு பழம்பொருள் ஆகிவிடும், லைசென்ஸ் இல்லாமல் அதை விற்கக் கூடாது. அவரிடம் லைசென்ஸ் கிடையாது. எங்கே போய் எப்படி வாங்குவது என்றும் தெரியாது. அதனால் டிசம்பர் வந்தால் நடைபாதையில் அவசரம் பிடித்துக்கொள்ளும். “தொண்ணூத்தி நாலு அடுத்த மாசம் நூறு தொட்டுருமுங்க, இப்பவே மாத்திக்கங்க” என்று கூவுவார். ஜனவரி முதல் தேதி நானும் டின்னைத் திறந்து அந்த வருஷத்துக் காலணாவை இடது பக்கத்திலிருந்து வலது பக்கத்துக்கு மாற்றி வைப்பேன். வலது பக்கம் நூறு தொட்டவை. விற்கக் கூடாது, சரி. வைத்துக்கொள்ளலாமா? அந்த ஒரு கேள்வியை நான் கேட்கவே இல்லை. கேட்டால் கூடாது என்று சொல்லிவிடுவாரோ என்று பயம். அட என் புத்தியே! கேட்டிருந்தால் ஒரே வாயில் முடிந்திருக்கும்.

ஒரு ஞாயிறு நான் போவதற்குள் காசுக்காரரைப் போலீஸ் துணியோடு சுருட்டிக் கொண்டுபோயிருந்தது. எதிர்க்கடை வாட்ச் ரிப்பேர்க்காரர் சொன்னார்.

“லைசென்ஸ் எங்கன்னு கேட்டாங்கம்மா. நோட்டையும் எடுத்துட்டுப் போயிட்டாங்க.”

நோட்டு! வாடிக்கைக்காரர்கள் விலாசம் எல்லாம் எழுதி வைத்திருக்கும் நோட்டு. என் பெயரும் பவுண்டரி விலாசமும் என் கையெழுத்திலேயே அதில் இருந்தன. அந்த வாரம் முழுக்கக் கேட் சத்தம் கேட்கும்போதெல்லாம் வேலையை விட்டு வாசலைத் திரும்பிப் பார்த்தேன். அச்சிலிருந்து எடுத்த கோர் எல்லாம் உடைந்தன.

சனிக்கிழமை பவுண்டரிக்கு என் பெயரில் கடிதம் வந்தது, தபால்காரர் என் கையிலேயே கொடுத்தார். பழுப்புக் கவர், அரசாங்க முத்திரை. ‘தங்களிடம் உள்ளதாகத் தெரியவரும் பழங்காசுகளைப் பார்வையிடும் பொருட்டு, திங்கட்கிழமை முற்பகல் பதினொரு மணியளவில் அலுவலர் வருகை தர உள்ளார். காசுகளுடன் ஆஜராகவும்.’ வேறு ஒன்றும் இல்லை. அந்த ‘ஆஜராகவும்’ என்ற சொல்லில் என் கண் மாட்டிக்கொண்டது. அதைக் கோர்ட்டுச் சம்மனில்தான் பார்த்திருக்கிறேன்.

வீட்டுக்காரர் எழுத்துக்கூட்டி இரண்டு தரம் படித்தார்.

“எங்கியாச்சு வீசிப்போடு புள்ள. நாளைக்கே குளத்துல கொண்டுபோய்க் கொட்டீட்டு வாரேன், குடு.”

“கொளத்துலயா? என்னையத் தூக்கி வீசுங்க மொதல்ல.”

“பின்ன என்னதான் பண்ணுவ? ஆயிரம் வருசத்துக் காசு ஒனக்கு எப்பிடி வந்துதுன்னு கேப்பான். என்ன சொல்லுவ? ஒங்கொப்பன் பொதைச்சு வெச்சதுன்னா?”

எனக்கு ஆத்திரம் வந்தது. ஆனால் அவர் சொன்னதில் தப்பு இல்லை. எங்கள் ஆட்கள் கையில் பழையது எது இருந்தாலும் அது களவாண்டது. குண்டுமணித் தங்கம் கழுத்தில் போட்டதற்காக என் சித்தி ஒருமுறை ஒரு பகல் முழுக்க ஸ்டேஷன் வாசலில் உட்கார்ந்திருந்தார். அது என் தாலிதான் என்று சொல்லிச் சொல்லித் தொண்டை கட்டிப்போய் வந்தார். எனக்கு யார் சாட்சி சொல்லுவார்கள்? எடைக்கு எடை போட்டு எடுத்தேன் என்றால் ரசீது கேட்பார்கள். ஸ்டவ் திருகாணிக்கு யார் ரசீது கொடுத்தார்கள்?

ஞாயிற்றுக்கிழமை நடைபாதைக்கு ஓடினேன். யாரும் இல்லை. கேட்க ஒரு ஆள் இல்லை. பேங்க்காரர் வீடு எங்கே என்றுகூட எனக்குத் தெரியாது. எட்டு வருஷப் பழக்கம், பெயரைத் தவிர எதையும் கேட்டுக்கொண்டதில்லை. திரும்பி வந்து டின்னை மடியில் வைத்துக்கொண்டு சாயங்காலம் வரை உட்கார்ந்திருந்தேன். யோசித்து யோசித்துக் கடைசியில் ஒரு வழி தோன்றியது. தோன்றியபோது, அடேயப்பா, எவ்வளவு கெட்டிக்காரி நான் என்றுகூட நினைத்தேன். காசு எங்கே கிடந்தால் யாரும் ஏன் என்று கேட்க மாட்டார்களோ, அங்கேயே திரும்பப் போட்டுவிடுவது. சாக்கில்.

திங்கட்கிழமை எல்லோருக்கும் முன்னால் பவுண்டரிக்குப் போய்விட்டேன். சோற்றுப் பாத்திரத்தில் சோறு இல்லை, காசுதான் இருந்தது. காகிதத்தையெல்லாம் வீட்டிலேயே பிரித்துக் கிழித்தாகிவிட்டது. மடித்து எழுதி வைத்தால்தானே சேகரிப்பு, உதிரியாகக் கிடந்தால் வெறும் செம்பு. சுவரோரம் ஏழு சாக்குகள் நின்றன. கேட் பக்கத்திலிருந்து ஒவ்வொன்றாகத்தான் எடுப்பார்கள். கடைசிச் சாக்கு உடுமலையிலிருந்து வந்தது. அதன் முறை வர வியாழக்கிழமை ஆகிவிடும். ஆபீசர் வந்து போனதும் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கிவிடலாம், கண்ணை மூடிக்கொண்டுகூட என்னால் பொறுக்க முடியும். கையை முழங்கை வரை விட்டு உள்ளே தள்ளினேன். அடையாளத்துக்கு என் பழைய சேலையின் சிவப்புக் கரையைக் கிழித்துச் சாக்கின் வாயில் கட்டினேன்.

யானைக் காசை மட்டும் போட மனசு வரவில்லை. ஜாக்கெட்டுக்குள் வைக்கலாம் என்றால் பொம்பளைப் போலீஸ் கூட வந்தால் என்ன செய்வது? வாய்க்குள் போட்டுக் கன்னத்தில் அடக்கிக்கொண்டேன். களிம்பு கசந்தது. அப்போது உலைக்காரர் வந்தார். உலையைப் பார்த்துக்கொள்கிற ஆள், என்னைவிட இரண்டு மூன்று வயது இளையவர், என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவார்.

“என்னங்க்கா, நேரமே வந்துட்டீங்க? வாயில என்ன, வெத்தலையா?”

நான் தலையை மட்டும் ஆட்டினேன். அவர் போனதும்தான் உறைத்தது. முதலாளியிடம் பேச வேண்டுமே. ஆபீசர் வருகிறார் என்று அவரிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் இருப்பது மரியாதையா? அவர் இடத்துக்கு அல்லவா வருகிறார்கள்? எங்கள் பக்கத்து ஆட்களுக்குக் குடி முழுகிக்கொண்டிருந்தாலும் மரியாதை மட்டும் தப்பக் கூடாது. வாயில் காசை வைத்துக்கொண்டு பேச முடியாது. யானைக் காசைத் துப்பி, முந்தானையில் துடைத்து, அதையும் அந்தச் சாக்கில் போட்டேன். முதலாளி வந்ததும் அவர் அறை வாசலில் போய் நின்றேன்.

“ஏனுங்க, இன்னைக்குப் பதனொரு மணிக்கு ஒரு ஆபீசர் வாராருங்க. பழைய காசு விசயமா. என்னையப் பாக்கத்தானுங்க. நீங்க ஒண்ணும் பயந்துக்காதீங்க.”

“காசு விசயமாவா?” அவர் கையிலிருந்த டீ கிளாஸ் மேஜைக்குப் போய்விட்டது. “இங்கயா வாரான்?”

“ஆமாங்க. இங்கதானுங்க.”

“சரி, சரி. நீ போய் வேலையப் பாரு கண்ணு.”

சாக்கில் ஒளித்ததை நான் சொல்லவில்லை. தெரிந்தால் அவரும் மாட்டிக்கொள்வாரே என்று அவரைக் காப்பாற்றுகிறேனாம் நான்!

கோர் அறை பவுண்டரியின் மறுகோடியில் இருக்கிறது. வழக்கமாகப் பத்து மணிக்குத்தான் உலைக்குக் காற்று ஊதும் புளோயர் ஓடும். அன்றைக்கு எட்டரைக்கே ஓடியது. அவசர ஆர்டர் போல என்று நினைத்துக்கொண்டேன். பயத்தில் எனக்கு வேறு எதுவும் ஓடவில்லை. பதினொரு மணிக்கு என்ன பேசுவது என்று மனப்பாடம் செய்துகொண்டே மணலைப் பிசைந்தேன். ஒன்பதேகால் இருக்கும். உலைக்காரர் வாசலில் வந்து நின்றார். கையில் சிவப்புத் துணி.

“இது உங்க சேலைக்கரைதானுங்களே அக்கா? சாக்குல கட்டியிருந்துது. வேணுமோ என்னமோன்னு எடுத்து வெச்சேன்.”

“எந்தச் சாக்குல?” என்று கேட்டேன். தெரிந்துகொண்டே கேட்டேன்.

“உடுமலைச் சாக்குதானுங்க. காசு கெடக்குற சாக்கையெல்லாம் ஆபீசர் வாரதுக்குள்ள உருக்கிப்போடுன்னு மொதலாளி சொன்னாருங்க. அதுலதான எப்பவும் எச்சாக் கெடக்கும்? அத மொதல்ல போட்டுட்டேனுங்க்கா.”

ஓடினேன். உலை வாயில் வெள்ளைப் புகையும் பச்சைத் தீயும் நின்றன. எட்டிப் பார்த்தால் மூசைக்குள் ஒன்றுமே இல்லை. அதாவது தனியாக ஒன்றும் இல்லை. குழாயும் சொம்பும் காலணாவும் யானையும் எல்லாம் ஒரே மஞ்சள் குழம்பாக ஆடிக்கொண்டிருந்தன. நீளக் குறடு ஒன்றை எடுத்து உள்ளே விடப் போனேன். உலைக்காரர் பின்னாலிருந்து என் இரண்டு கையையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டார்.

“அக்கா, கை போயிருமுங்க்கா! என்னங்க்கா, என்ன வேணும் உள்ள?”

என்னவென்று சொல்வது? “அடப்பாவிகளா, அடப்பாவிகளா” என்றுதான் வாயில் வந்தது. சத்தம் கேட்டு முதலாளி வந்தார். முகம் சாம்பலாக இருந்தது.

“காச உருக்குனா ஜெயிலுன்னு ஒரு சட்டம் இருக்குதாமா கண்ணு. அவன் வந்து சாக்கக் கொட்டிப் பாத்து, இதுல எப்பிடிக் காசு வந்துது, இத்தன நாளா இங்க இதத்தான் உருக்கறயான்னு கேட்டா நான் என்னத்தச் சொல்றது? ஊத்தி முடிச்சுட்டா அடையாளம் இருக்காதுன்னுதான்...”

“அதுல என்ற காசு இருந்துதுங்க” என்றேன். “எல்லாமே என்றதுங்க.”

அவருக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆனது. புரிந்ததும் அப்படியே மணல் மேட்டின் மேல் உட்கார்ந்துவிட்டார். காசை உருக்கினால் ஜெயில் என்று பயந்து காசை உருக்கிய மனிதரை நான் என்ன சொல்ல? காசைக் காப்பாற்ற அதை உலைக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைத்தவள் நான். என்னைச் சொல்லவா, அவரைச் சொல்லவா? புளோயரை நிறுத்தினார்கள். பத்து மணிக்கு அச்சுகளில் ஊற்றினார்கள். நான் போட்ட கோர்களைச் சுற்றித்தான் ஊற்றினார்கள்.

பதினொரு மணிக்கு ஆபீசர் வந்தார். போலீஸ் இல்லை, ஜீப் இல்லை. ஸ்கூட்டரில் வந்தார். ஒல்லியான மனிதர், தோளில் ஒரு பை, பைக்குள் லென்ஸும் அளவுகோலும் சில படிவங்களும் இருந்தன. வெயிலில் அலைந்து வந்ததால் முதலில் தண்ணீர் கேட்டார்.

“நீங்கதானாம்மா அது? நான் தொல்பொருள் துறை. பிடிச்ச காசுகளைப் பார்க்க ஸ்டேஷனுக்குப் போனப்ப அந்தக் காசு விக்கிறவர் உங்களப் பத்தித்தான் பேசினார். என்கிட்ட இருக்கறதெல்லாம் ஒண்ணுமில்லைங்க, கணபதியில ஒரு அம்மா யானைக் காசு வெச்சிருக்காங்கன்னு. பார்த்துட்டுப் போலாம்னு வந்தேன். எங்கம்மா?”

“இல்லீங்க” என்றேன்.

“இல்லைன்னா?”

“எங்கிட்ட இல்லீங்க.”

அவர் முகத்தில் இருந்த சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாகப் போனது. “பயப்படாதீங்கம்மா. வச்சுக்கறதுக்கு லைசென்ஸ் ஒண்ணும் தேவையில்லை. விக்கறதுக்குத்தான் தேவை. நான் அளவெடுத்து, எழுதிட்டு, காசை உங்ககிட்டயே குடுத்துட்டுப் போயிடுவேன். கண்டெடுத்தவர்னு உங்க பேரையும் எழுதுவேன். அதுக்குத்தான் வந்தேன்.”

வச்சுக்கறதுக்குத் தேவையில்லை. எட்டு வருஷமாக நான் கேட்காத கேள்விக்குப் பதில் ஸ்கூட்டரில் வந்து என் முன்னால் நிற்கிறது. இரண்டு மணி நேரம் தாமதமாக.

“அப்ப வித்துட்டீங்களா?” என்றார். குரல் மாறியிருந்தது. “யாருக்கு?”

அவர் முதுகுக்குப் பின்னால் முதலாளி நின்றார். கையெடுத்துக் கும்பிடவில்லை, ஆனால் கண் கும்பிட்டது. அவருக்கும் பின்னால் உலைக்காரர், கையில் இன்னும் என் சேலைக்கரையோடு. உருக்கிவிட்டோம் என்று சொன்னால் அவர்கள் இரண்டு பேர் கதி என்ன? அந்த உலையை நம்பிப் பதினோரு குடும்பங்கள். விற்றுவிட்டேன் என்றால் நான் மாட்டுவேன். ஆறடி தள்ளி அச்சுப்பெட்டிகளில் புஷ்கள் ஆறிக்கொண்டிருந்தன. அதோ அதுதான் என்று கை நீட்டினால் போதும். நான் கையை முந்தானையில் சுற்றிக்கொண்டேன்.

“தொலைஞ்சுபோச்சுங்க.”

“எல்லாமா?”

“எல்லாமுங்க.”

அவர் தண்ணீர்க் கிளாஸைக் கீழே வைத்தார். பிறகு படிவத்தை எடுத்து எழுதினார். என்ன எழுதினார் என்று தலைகீழாகவே படித்தேன். ‘பொருள் கைவசம் இல்லை. விற்கப்பட்டிருக்கலாம் எனக் கருதப்படுகிறது.’ கீழே கையெழுத்துப் போடச் சொன்னார். போட்டேன். கிளம்பும்போது கேட் பக்கம் திரும்பி, “நல்ல காசும்மா, அது மாதிரி இன்னொண்ணு கிடைக்காது. யார்கிட்டயாவது குடுத்திருந்தா திருப்பி வாங்க முடியுமான்னு பாருங்க” என்றார். கெட்டவர் இல்லை. கெட்டவராக இருந்திருந்தால் எனக்கு இவ்வளவு வலித்திருக்காது.

அதற்கப்புறம் யாரும் என்னைத் தேடி வரவில்லை, கேஸும் இல்லை. வராமல் இருக்க இருக்கத்தான் பைத்தியம் பிடித்தது. வந்து ஏதாவது தண்டனை கொடுத்தாலாவது காசு இருந்தது என்பதற்கு அத்தாட்சி ஆகும் என்றெல்லாம் நினைத்தேன். புஷ்களைக் கடைசலுக்கு அனுப்புமுன் முதலாளி ஒன்றைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். “சும்மா எடுத்துக்க கண்ணு” என்றார். நான் வாங்கவில்லை. மறுநாள் வீட்டுக் குழாயைக் கழற்றிக் கொண்டுபோய்த் தராசில் வைத்து, எடைக்கு எடை சரிபார்த்துத்தான் எடுத்தேன். அன்றைக்கு என் வீட்டுக்காரர் கேலி செய்யவில்லை. பக்கத்து வீட்டில் ஒரு குடம் தண்ணீர் வாங்கிக் குளித்துவிட்டு, புஷ்ஷைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, துணியால் துடைத்து டின்னுக்குள் வைத்தார். அவர் நம்பினார். அவர் நம்பியது எனக்குப் போதவில்லை, அதுதான் உண்மை.

இரண்டு மாதம் கழித்துக் காசுக்காரர் திரும்ப வந்து துணி விரித்தார் என்று கேள்விப்பட்டு ஓடினேன். இளைத்திருந்தார். நூறு ஆகாத காசுகளை மட்டும் பரப்பியிருந்தார். பேங்க்காரரும் காலேஜ்காரரும் இருந்தார்கள். என்னைப் பார்த்ததும் பேச்சு நின்றது. காசுக்காரர் முக்காலியைத் தள்ளிவைக்கவில்லை. எழுந்து நின்றார், அவ்வளவுதான்.

“எத்தனைக்குங்க போச்சு?” என்று கேட்டார். குரலைத் தாழ்த்தித்தான் கேட்டார். “ஆபீசரு சொன்னாருங்க. வெளியூர் ஆளுங்களா?”

நான் பையிலிருந்து புஷ்ஷை எடுத்து அவர் துணியின் மேல் வைத்தேன். நடந்ததையெல்லாம் ஒன்றுவிடாமல் சொன்னேன். சாக்கு, சேலைக்கரை, வாயில் அடக்கிய காசு, முதலாளி பயம். யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று வைராக்கியமாக இருந்ததை அவரிடம் சொன்னேன், அவருக்கு மட்டும் தெரிந்தால் போதும் என்று. சொல்லும்போது அழுதேன். அவர் புஷ்ஷை எடுத்து உள்ளங்கையில் நிறுத்திப் பார்த்தார். சுற்றித் திருப்பினார். பழக்கதோஷம், வருஷம் எங்கே போட்டிருக்கிறது என்று தேடியது அவர் கண். பிறகு மெல்ல என் பக்கம் நகர்த்தி வைத்தார்.

“ஏனுங்க அம்மணி, உங்கள எனக்குத் தெரியாதுங்களா? எடைக்கு எடை பித்தளை போட்டு ஒலையிலிருந்து ஒவ்வொண்ணா எடுத்தவிங்க நீங்க. நீங்களா கொண்டுபோய் ஒலைப் பக்கத்துல வெச்சிருப்பீங்க?” சிரிக்க முயன்றார். “வெலையச் சொல்ல இஷ்டமில்லைன்னா போச்சாதுங்க, உடுங்க. இதெல்லாம் எதுக்குங்க?”

புஷ்ஷை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு கணபதி பஸ் ஏறினேன்.